தந்தையின் சவரக்கத்தி

பங்கு இல்லங்களில் குடியிருக்கும் நம்மைப் போன்றோருக்குச் சொத்து என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் ஆணை வரும்போது, புத்தகக் கட்டுகளும் துணிப்பெட்டியும் ஒரு சிறு வண்டியில் ஏறிவிடும். அவற்றோடு ஒரு தகரப் பெட்டியும் இருபது ஆண்டுகளாக நம்மோடு பங்கு பங்காகப் பயணம் செய்து வந்திருக்கிறது. எங்குச் சென்றாலும் அதன் இடம் கட்டிலுக்கு அடியில்தான். அதைத் திறக்காதிருப்பதும் நம் வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது.

சென்ற ஆண்டு திருவருகைக் காலத் தொடக்கத்தில், குடில் பொம்மைகளைத் தேடிக்கொண்டு பீடச்சிறுவர் இருவர் பங்கு இல்லம் முழுவதையும் புரட்டினார்கள். அந்தத் தேடலில் தகரப் பெட்டியும் தப்பவில்லை. அவர்களுள் இளையவன், பழந்துணிச் சுருள் ஒன்றை அவிழ்த்துக்கொண்டே நம் மேசையருகே வந்தான். துணிக்குள் ஒரு மடக்குச் சவரக்கத்தி இருந்தது.

“சாமி, இது என்ன சாமி? யாரோடது?”

“ஏதோ பழைய சாமான். யாரோ விட்டுட்டுப் போனது. கையை வெட்டிக்கப் போற, எடுத்த இடத்துல வை.”

சிறுவன் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று மாலைத் திருப்பலியில் பாவ அறிக்கை மன்றாட்டைச் சொல்லும்போது நம் நா ஒரு கணம் இடறியது. அக்கத்தி யாரோ விட்டுப்போனது அன்று. அது நம்மைப் பெற்றவருடையது.

நம் தந்தையார் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சவரத் தொழிலாளியாக வாழ்ந்தவர். ஊர் வழக்கில் அவருக்குக் ‘குடிமகன்’ என்று பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்பட்ட அழகிய புனிதர் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லி அவரை அழைத்தவர்கள் மிகச் சிலரே. அடைப்பம் என்னும் தோற்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடியற்காலையில் புறப்படுவார். அதனுள் கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி, கிண்ணம், படிகாரக் கட்டி, தீட்டுக்கல், தோல்வார், கைக்கண்ணாடி ஆகியவை இருக்கும். வீடுகளின் புழக்கடையிலோ வேப்பமரத்தடியிலோதான் வேலை. கூலி பெரும்பாலும் காசாக வராது. அறுவடை முடிந்தபின் களத்துமேட்டில் நெல்லாக அளக்கப்படும். கட்டி வந்தால் கீறி மருந்து வைப்பவர் தந்தையார். பிள்ளைப்பேறு பார்ப்பவர் தாயார். பிறப்பிலும் இறப்பிலும் நம் பெற்றோரின் கை படாத வீடு அவ்வூரில் இல்லை. ஆயினும் அவ்வீடுகளின் முன்வாசல் வழியாக அவர்கள் நுழைந்ததும் இல்லை. இத்தனைக்கும் ஊர் முழுவதும் கத்தோலிக்கர். ஒரே திருமுழுக்கு, ஒரே நற்கருணை; வாசல் மட்டும் இரண்டு.

அக்கத்தியை அவர் 1968-இல், மதுரையில் கடையை மூடிவிட்ட ஒரு சவரக்கடைக்காரரிடம், இரண்டு மூட்டை நெல் விற்ற பணத்தைக் கொடுத்து வாங்கினாராம். அப்போதே அது பழைய கத்திதான். ஆனாலும் ‘ஜெர்மன் கத்தி’ என்று சொல்லும்போது, அவருடைய குனிந்த முதுகு சற்றே நிமிர்வதைச் சிறுவயதில் கண்டிருக்கிறோம்.

நாம் 1985-இல் இளங்குருமடத்தில் சேர்ந்தோம். விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயக் கூலி’ என்று எழுதினோம். எழுதச் சொன்னவர் யாரும் இல்லை. எழுத வேண்டாம் என்று தடுத்தவரும் இல்லை. பின்னர், இறையியல் கற்ற ஆண்டுகளில் ஒரு நாள், திரு அவை வரலாற்று வகுப்பில் முடிமழிப்புச் சடங்கு பற்றிய பாடம் நடந்தது. குருநிலைக்குள் நுழைபவரின் தலைமுடியை ஆயர் சிறிது கத்தரிக்கும் பழைய சடங்கு அது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை நீக்கினார். “அப்படியானால் ஆயரும் ஒரு குடிமகன்தானே!” என்றார் ஒரு மாணவர். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் நாமாகத்தான் இருக்க வேண்டும். அச்சிரிப்பின் ஓசை இன்றும் நம் காதில் இருக்கிறது.

குருப்பட்டம் பெற்றபின்பும் அது தொடர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 3-ஆம் நாள் புனித மார்ட்டின் தே போரஸ் திருநாளில் மறையுரை ஆற்றியிருக்கிறோம். 1579-இல் லிமா நகரில், இஸ்பானியத் தந்தைக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர் அவர். சிறுவயதில் சவரத் தொழிலும் சிறு அறுவை மருத்துவமும் ஒருங்கே செய்யும் ஒருவரிடம் தொழில் பயின்றார். தொமினிக்கன் மடத்தில் சேர்ந்த பின்னும் அத்தொழிலை விடாமல், துறவியருக்கு முடிதிருத்தி, நோயாளருக்கு மருத்துவம் செய்தார். 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அவரைப் புனிதராக உயர்த்தினார். முடிதிருத்துவோரின் பாதுகாவலர் அவர். இவையெல்லாம் நமக்கு நன்கு தெரியும். ஆனால் மறையுரையில் ‘மருத்துவத் தொண்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டு, கத்தியைக் கவனமாக விலக்கிவிடுவோம். ஒரு புனிதரின் வாழ்விலிருந்துகூட நம் தந்தையின் தொழிலை நீக்கிய துணிவு நமக்கு இருந்தது.

தந்தையார் 2004-இல் காலமானார். ஊரில் இறந்த ஆண்களைப் பெட்டியில் வைக்குமுன், அவர்களுக்குக் கடைசிச் சவரம் செய்வது அவருடைய கடமையாக இருந்து வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ முகங்களை அவர் அவ்வாறு வழியனுப்பியிருக்கிறார். அவர் இறந்தபோது அவர் முகத்தில் நோயின் ஐந்து நாள் வெண்தாடி இருந்தது. அதை மழிக்க ஆள் இல்லை. பக்கத்து ஊருக்குச் சொல்லி அனுப்பியவர் வரவில்லை. தாயார் அடைப்பத்தைக் கொண்டுவந்து நம்மிடம் நீட்டி, “நீங்களாவது பண்ணி விடுங்க, சாமி” என்றார்கள். பெற்ற மகனைச் ‘சாமி’ என்றுதான் இருவரும் அழைத்து வந்தார்கள்.

நாம் கத்தியை வாங்கி விரித்தோம். நமக்கு இலத்தீன் தெரிந்திருந்தது. கிரேக்கம் ஓரளவு தெரிந்திருந்தது. அக்கத்தியை எந்த விரலில் தாங்கிப் பிடிப்பது என்று தெரியவில்லை. கை நடுங்கியது. சற்று நேரம் நின்றுவிட்டு மடக்கி வைத்துவிட்டோம். தந்தையார் அந்தத் தாடியோடுதான் அடக்கம் செய்யப்பட்டார். அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். வந்திருந்த உடன்குருக்களுக்கு, நோயாளியின் முகம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தோன்றியிருக்காது. கத்தியைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் போட்டது அன்றிரவுதான்.

பீடச்சிறுவன் கேட்ட கேள்விக்குப்பின் அப்பெட்டியை நாமே திறந்தோம். கத்தியின் அலகு பழுப்பேறி, முதுகருகே துரு படர்ந்து, மடக்கும் இடத்தில் இறுகிப்போயிருந்தது. தந்தம் போன்ற வெளிர்நிறப் பிடியில் நுண்ணிய வெடிப்புகள் ஓடின. முகர்ந்தால் ஒருவகைக் காரமான நெடி.

மறுவாரம் பங்கு இல்லத்தின் வாயிலில் சைக்கிள் சாணைக்காரர் குரல் கேட்டது. அரிவாள்மணையும் கத்தரிக்கோலும் தீட்டிக்கொண்டிருந்த அவரிடம் கத்தியைக் காட்டினோம். கையில் வாங்கிய உடனே திருப்பித் தந்துவிட்டார்.

“வேணாம் சாமி. இது என் சக்கரத்துக்கு ஆகாது. ஒரு நிமிசம் சூடேறுச்சுன்னா பதம் போயிரும். அப்புறம் இது வெறும் தகரம்.”

பத்து ரூபாய் கிடைக்கும் வேலையை மறுத்த அந்த நேர்மையாளர் சொன்னது அறிவியல் உண்மை. சவரக்கத்தியின் உருக்கைக் காய்ச்சி உடனே குளிரவைத்துக் கடினமாக்கியபின், சுமார் 200 பாகை செல்சியசில் மீண்டும் இளஞ்சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அதற்கு மேல் சூடேறினால் கடினம் இறங்கிவிடும். தாள் போல் மெலிந்த அதன் விளிம்பு, நீரின்றிச் சுழலும் சக்கரத்தில் பட்டவுடன் அந்தச் சூட்டை எட்டிவிடும். “டவுன்ல மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பெரியவர் இருக்காரு. முன்னெல்லாம் அத்தனை சலூன் கத்தியும் அவருகிட்டத்தான் போகும்” என்று வழியும் சொன்னார்.

அப்பெரியவரின் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு மேசை, ஒரு நீர்த்தொட்டி, ஈரத்துணி மேல் வரிசையாகக் கற்கள், சுவரில் தொங்கும் இரண்டு தோல்வார்கள். எழுபதைக் கடந்த அவர், முன்பு தாமும் சவரக்கடை வைத்திருந்தவராம். எய்ட்ஸ் நோய் பற்றிய விழிப்புணர்வு பரவியபின், கடைகளில் ஆளுக்கொரு புது பிளேடு என்னும் முறை வந்தது. “நல்ல காரியந்தான் சாமி. உயிர் பெருசுல்ல. ஆனா கத்தி தீட்டுற வேலை போச்சு” என்றார். நம் அங்கியைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றவர், நம்மைப் பெஞ்சில் அமர்த்திவிட்டு நின்றுகொண்டேதான் பேசினார்.

துணியை விலக்கிக் கத்தியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அலகின் அடிப்பகுதியில் பொறித்திருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் துடைத்து, “சோலிங்கன்” என்றார். அந்த ஜெர்மானிய நகரைப் பற்றிப் பின்னர்ப் படித்தறிந்தோம். வாள்களுக்கும் கத்திகளுக்கும் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற ஊர் அது. தம் ஊர்ப் பெயரை வேறிடத்துக் கத்திகளில் பொறிக்கலாகாது என்பதற்காக, 1938-இல் தனிச் சட்டமே அங்கு இயற்றப்பட்டது. செய்யும் தொழிலின் பெயரைச் சட்டத்தால் காத்துக்கொண்ட ஊரிலிருந்து புறப்பட்ட கத்தி, அத்தொழிலை விண்ணப்பத்தில் மறைத்தவன் கையில் வந்து சேர்ந்திருந்தது.

“துரு ஈரத்தால வந்துச்சா?” என்று கேட்டோம்.

“கொஞ்சம் ஈரம். மிச்சமெல்லாம் இந்தப் பிடியால வந்தது சாமி. தந்தம் இல்ல இது, செல்லுலாய்டு. பழசானா தானே அழுகும். அந்த ஆவிதான் கத்தியைத் தின்னுருக்கு. பாருங்க, பிடி மூடுற இடத்துலதான் துரு அதிகம்.”

நாம் திகைத்துப்போனோம். பஞ்சின் நாரை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்து 1870-ஐ ஒட்டிய காலத்தில் உருவாக்கிய பொருள் செல்லுலாய்டு. தந்தத்துக்குப் பதிலாகப் பயன்படட்டும் என்றே அதைச் செய்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். காற்றோட்டமின்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் அந்த ஆவி உள்ளேயே தங்கி, அருகிலுள்ள உருக்கை அரிக்கும். கத்தியைப் பாதுகாக்கத்தானே மூடி வைத்தோம்? மூடிய உறையே அதைத் தின்றிருக்கிறது. அதுவும் தந்தம் போல் வேடமிட்ட உறை. பெரியவர் அதை நமக்குப் பாடமாகச் சொல்லவில்லை. துருவின் காரணத்தைத்தான் சொன்னார். ஆயினும் அத்தனை ஆண்டு தியானங்களில் எந்தப் போதகரும் நம் உள்ளத்தை அவ்வளவு நேராகத் தொட்டதில்லை.

பிறகு கத்தியின் முதுகை ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறிமாறி நெடுநேரம் பார்த்தார்.

“இதை வெச்சிருந்தவரு யாரு சாமி? ரொம்ப நிதானமான ஆளு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“கல்லுல தீட்டும்போது விளிம்போட சேர்ந்து முதுகும் தேயும். அவசரக்காரன் கத்தின்னா ஒரு பக்கம் அதிகம் தேஞ்சிருக்கும். இல்லன்னா நுனி தேஞ்சு அடி அப்படியே இருக்கும். இதுல ரெண்டு பக்கமும், நுனியிலேருந்து அடிவரைக்கும் ஒரே அளவு. முப்பது நாப்பது வருசம் ஒருநாள்கூடக் கோபத்தோட கல்லுல வைக்கல.”

ஐம்பத்தைந்து வயதில், முன்பின் அறியாத ஒருவர் வாயிலாக, நம் தந்தை எப்படிப்பட்டவர் என்பதைக் கேட்டோம். அந்த முதுகு நம் பெட்டியில்தான் இருபது ஆண்டுகள் கிடந்தது. மறைநூலின் ஒரு வரிக்கு நான்கு விளக்கங்கள் தரத் தெரிந்த நமக்கு, அதை வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை.

“எங்க அப்பாவோடது” என்றோம். பிறகு, அதோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றியதையும் மீறி, “அவரு எங்க ஊர்ல சவரத் தொழிலாளி” என்றோம்.

பெரியவர் நம்மை ஒருமுறை பார்த்தார். அதுவரை நின்றுகொண்டிருந்தவர், துண்டை மீண்டும் தோளில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் நம் அருகில் வந்து அமர்ந்தார். “எந்த ஊரு?” என்று கேட்டார். அவ்வளவுதான். குருத்துவ வாழ்வில் எத்தனையோ பேர் நமக்காக எழுந்து நின்றிருக்கிறார்கள். ஒருவர் நம் அருகில் அமர்ந்ததை இவ்வளவு பெரிய மரியாதையாக உணர்ந்தது அன்றுதான்.

பத்து நாள் கழித்து வரச் சொன்னார். திரும்பும் பேருந்தில், எப்போதோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ‘உருக்கு’ என்பது நம் மண்ணின் சொல். ஈரோட்டுக்கு அருகிலுள்ள கொடுமணல் அகழாய்வில் பண்டைய இரும்புத் தொழிலின் உலைகள் வெளிப்பட்டுள்ளன. தென்னிந்திய உருக்கை ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பியர் வாங்கி ஆராய்ந்தார்கள். இலண்டனில் கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் அதன் சிறப்பைப் பெரிதும் பாராட்டியவர். அவரோடு சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை வெளியிட்டவர், பின்னாளில் மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே. தாம் உருவாக்கிய உருக்கில் செய்த சவரக்கத்திகளை அவர் நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்திருக்கிறார். அந்த ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். உலகமே அவரை மதித்த காலத்தில், 1841-இல் சுவிட்சர்லாந்தில் பயணம் செய்தபோது, கொல்லுப்பட்டறைகள் மீது தமக்குள்ள விருப்பத்தையும், தம் தந்தை அத்தொழில் செய்தவர் என்பதையும் தம் குறிப்பேட்டில் மகிழ்ச்சியோடு எழுதி வைத்தார். நாமோ நம் தந்தையின் தொழிலுக்கு நேரே ‘விவசாயக் கூலி’ என்று எழுதியவர்கள்.

பத்தாம் நாள் சென்றபோது பிடி கழற்றப்பட்டிருந்தது. பழைய ஆணிகளின் தலையை அராவித் தட்டி எடுத்திருந்தார். துருவை இயந்திரத்தால் தேய்க்காமல், நுண்ணிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுக் கையாலேயே நீக்கியிருந்தார். அலகு வெண்மையாக ஒளிர்ந்தது. ஆனால் முதுகருகே கரும்புள்ளிகளாகச் சில குழிகள் எஞ்சியிருந்தன.

“இது போகாதா?”

“போகும். அதைப் போக்கணும்னா அவ்வளவு உருக்கையும் தேய்க்கணும். அப்புறம் கத்தி இருக்காது. நல்லவேளை, விளிம்புகிட்டக் குழி இல்ல. இதுங்க இருந்துட்டுப் போகட்டும் சாமி. வேலைக்கு இடைஞ்சல் இல்ல.”

பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் அதன் வடு எஞ்சும் என்று ஒப்புரவு அருட்சாதனம் பற்றிய பாடத்தில் கற்றிருக்கிறோம்; பிறருக்குக் கற்பித்தும் இருக்கிறோம். அதைக் கண்ணால் கண்டது அங்கேதான்.

தீட்டுவதை அருகிருந்து பார்க்க அனுமதி கேட்டோம். முதலில் 1000 எண்ணிட்ட கல்; பிறகு 4000, 8000. எண் ஏற ஏறக் கல்லின் துகள் நுண்மையாகும். முதற்கல் விளிம்புக்கு வடிவம் தருகிறது. அடுத்தடுத்த கற்கள், முந்தைய கல் விட்டுச்சென்ற கீறல்களை ஆற்றுகின்றன. இறுதியில் துணியுறையிலிருந்து ஒரு மஞ்சள் கல்லை எடுத்தார். பெல்ஜிய நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும் இயற்கைக் கல் அது. கார்னெட் மணியின் நுண்துகள்கள் பொதிந்தது. அவருடைய தந்தையார் வைத்துப்போனதாம்.

கத்தியைக் கல்லின்மேல் தட்டையாகக் கிடத்தினார். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்தன. அரிவாளைத் தீட்டும்போது கோணத்தை முடிவு செய்வது தீட்டுபவர் கை. சவரக்கத்தியில் அப்படியன்று, முதுகின் தடிமனே விளிம்பின் கோணத்தை முடிவு செய்கிறது. பதினாறு, பதினேழு பாகை என்ற அளவில் அது அமைந்திருக்கும். விளிம்பு தேயும்போது முதுகும் உடன் தேய்வதால் அக்கோணம் அவ்வளவாக மாறுவதில்லை. “நாம அழுத்தவே கூடாது சாமி. கத்தியோட கனமே போதும்” என்றார். விளிம்பு முன்னே செல்லக் கத்தியைத் தள்ளுவார். கல்லின் எல்லையில் முதுகின்மேல் புரட்டி, மீண்டும் விளிம்பு முன்னே வர இழுப்பார். ஒரு பக்கம் ஒருமுறை, மறுபக்கம் ஒருமுறை. நீர் கறுத்தது. கல்லின் ஓசை மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் பட்டுத்துணி உரசுவது போலாயிற்று. ஒன்றரை மணி நேரம் சென்றிருக்கும்.

பின்னர்ச் சுவரில் தொங்கிய தோல்வாரைப் பிடித்தார். அங்கே எல்லாம் தலைகீழ். கல்லில் விளிம்பு முந்தும். வாரில் முதுகு முந்த, விளிம்பு பின்தொடர வேண்டும். மாறினால் தோல் அறுபடும், கூரும் கெடும். கல் உருக்கை நீக்கிக் கூர் தருகிறது; வார் உருக்கை நீக்காமல் அக்கூரை நேர்ப்படுத்துகிறது. “கல்லு வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும். வாரு ஒவ்வொரு தடவையும் வேணும்” என்று சொல்லிக்கொண்டே, தம் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கிக் கத்தியருகே தொங்கவிட்டார். அது ஓசையின்றி இரண்டாகியது.

அடுத்த வாரம் புதுப்பிடி தயாராகியிருந்தது. எருமைக் கொம்பில் அறுத்தது, கருமையானது, வேடம் ஏதும் இல்லாதது. பித்தளை ஆணியை இருபுறமும் சிறு சுத்தியால் தட்டித் தட்டி இறுக்கிக் கொடுத்தார். கூலி 800 ரூபாய் என்றார். நாம் ஆயிரமாக நீட்டியபோது இருநூற்றை எண்ணித் திருப்பித் தந்தார். “சாமி, தொழிலுக்கு உள்ளதைக் குடுங்க, போதும்.” களத்துமேட்டில், அளப்பவர் மனம்போல் அளந்த நெல்லைத் துண்டில் ஏந்தி நின்ற ஒருவரின் உருவம் நம் கண்முன் வந்தது. உள்ளதை வாங்குவதும் உள்ளதைக் கொடுப்பதும் எவ்வளவு பெரிய நீதி!

ஒரு வாரையும் அவரிடமே வாங்கிக்கொண்டு, கத்தியைப் பிடிக்கும் முறையைக் கேட்டோம். மூன்று விரல்கள் அலகின் அடித்தண்டின் மேலே, கட்டைவிரல் கீழே, சுண்டுவிரல் வளைந்த வாலின்மேல். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் நமக்குத் தெரியாமற்போனது இவ்வளவுதான்.

அச்சனிக்கிழமை மாலை, கதவைத் தாழிட்டுக்கொண்டு முதன்முறை நம் முகத்தை அக்கத்தியால் மழித்தோம். வலக்கன்னம் தப்பியது. இடப்பக்கத் தாடையில், சரியாக எலும்பு வளையும் இடத்தில், ஒரு நெல்மணி நீளத்துக்கு வெட்டு விழுந்தது. படிகாரம் வைத்தும் தழும்பு நன்றாகத் தெரிந்தது.

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வாயிலில் நின்றபோது ஒவ்வொருவராகக் கேட்டார்கள்: “சாமி, தாடையில என்ன?” முதலில் கேட்டவர் பங்குப்பேரவையைச் சேர்ந்த முதியவர். “கத்தி பட்டுருச்சு. எங்க அப்பாவோட சவரக்கத்தி. அவரு ஊர்ல சவரத்தொழில் செஞ்சவரு. எனக்குத்தான் இன்னும் கை வரல” என்றோம். அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. “ஓ… அப்படியா” என்று சொல்லிவிட்டு, வழக்கமாகக் கேட்கும் ஆசீரைக் கேட்காமலே நகர்ந்தார். அது வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். ஆயினும் அடுத்துக் கேட்டவருக்கும் அதையே சொன்னோம். அதற்கடுத்தவருக்கும் சொன்னோம். பதினைந்து இருபது பேருக்குச் சொல்லி முடித்தபோது அது மிக எளிய செய்தியாகிவிட்டிருந்தது.

கூட்டம் கலைந்தபின் பீடச்சிறுவனைக் கூப்பிட்டோம். அன்று அவனுக்குச் சொன்னது பொய் என்றும், அந்தக் கத்தி யாருடையது என்றும் சொன்னோம். அவன் பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “இப்ப வெட்டுமா சாமி?” என்று மட்டும் கேட்டான். தாடையைக் காட்டினோம். சிரித்தான்.

அன்று மாலை இன்னொருவர் வந்தார். நம் பங்கைச் சேர்ந்தவர்தான். கடைத்தெருவில் முடிதிருத்தகம் வைத்திருப்பவர். திருப்பலியில் எப்போதும் கடைசித் தூணருகே நிற்பவர். நான்கு ஆண்டுகளாக இப்பங்கில் இருந்தும் அவர் வீட்டு வாசலை நாம் மிதித்ததில்லை. மற்றவர் எல்லாரின் வீடுகளுக்கும் போயிருக்கிறோம். அங்கு மட்டும் ஏதோ ஒரு காரணம் குறுக்கே வந்துகொண்டிருந்தது. காரணம் என்னவென்று இப்போது தெரிகிறது. நாம் மறைத்தது நம்மை மட்டும் அரிக்கவில்லை. அவருக்குரிய ஒன்றையும் அரித்திருக்கிறது.

“கத்தியைப் பாக்கலாமா சாமி?” என்றார். கொடுத்தோம். விரித்து, முதுகைத் தடவி, புரட்டிப் பார்த்தார். பிறகு, “உக்காருங்க சாமி, இடப்பக்கம் பாதி விட்டிருக்கீங்க” என்றார். சன்னல் கம்பியில் வாரை மாட்டிப் பத்துமுறை இழுத்துவிட்டு, நம் தாடையைக் கையில் ஏந்தினார். அக்கையின் பிடி நமக்குத் தெரிந்த பிடி. சிறுவயதில், ஞாயிறு பூசைக்கு முன் நம் தலையைப் பிடித்துத் திருப்பிய அதே பிடி. கண்களை மூடிக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் உணவருந்தினோம். முன்வாசல் வழியாகத்தான் நுழைந்தோம். அவர் வீட்டுக்கு இருப்பதே ஒரு வாசல்தான். கத்தி இப்போது தகரப் பெட்டியில் இல்லை. பயன்படுத்தியபின் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, நம் மேசைமேல் திறந்த தட்டில் வைக்கிறோம். காற்றுப் பட வேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. பங்கு இல்லத்துக்கு வருவோர், “இது என்ன சாமி?” என்று கேட்கிறார்கள். சொல்கிறோம்.